பாலம் போச்சு

டாலிவர் ஊரில் தொப்பிக்கடை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடையின் மாடியில்தான் நியூயார்க் கம்பெனிக்காரர் லிண்டாவர் தன் ரெக்கார்டிங் சாமான்களை இறக்கினார். நாலு சுவரிலும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியாயிற்று. ஜூலை மாதம். உள்ளே போனவர் எவரும் உலர்ந்த சட்டையோடு வெளியே வரவில்லை. செவ்வாய்க்கிழமை கறுப்பர்களுக்கு, புதன்கிழமை வெள்ளைக்காரர்களுக்கு என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். கறுப்பர்கள் பின்பக்கத்து மரப்படியில் ஏற வேண்டும் என்று அதில் எழுதவில்லை. அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டிய ஊர் அல்ல அது.

ஓசெல்லா டார்ப்ளி செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பின்படியில் ஏறினாள். நாற்பத்து மூன்று வயது. தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் மாவுச் சாக்குத் துணியில் சுற்றிய பிடில். பின்னால் கிதாரோடு அவள் புருஷன் ஆமோஸ். மரமில்லில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்ததில் அவனுக்கு இடது காது அவ்வளவாகக் கேட்காது. பேச்சும் குறைவு. அவன் பேச வேண்டியதையும் சேர்த்து ஓசெல்லாவே பேசிவிடுகிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிழைப்புக்கு அவள் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுத்தாள். ஆனால் அந்த மாவட்டத்தில் அவள் பேரைச் சொன்னால் யாருக்கும் சலவை ஞாபகம் வராது, பிடில்தான் ஞாபகம் வரும். கறுப்பர் வீட்டில் சோளம் உரிக்கிற கூட்டமா, வெள்ளைக்காரர் வீட்டுக் கல்யாணமா, ஆட்டத்துக்கு வாசிக்க அவள்தான் வேண்டும். ரயில் கவிழ்ந்த கதைப் பாட்டு, பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு ஓடினவனின் கதைப் பாட்டு, சர்ச் பாட்டு, ஆட்டப் பாட்டு, இப்போது எல்லோரும் கேட்கிற ப்ளூஸ் என்ற சோகப் பாட்டு, எதுவும் அவளுக்கு அந்நியம் இல்லை. எல்லாம் ஒரே பெட்டியில்தான் கிடந்தன.

அவள் பிடிலை மோவாய்க்குக் கீழே வைத்து ஆட்டப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் லிண்டாவர் கையைத் தூக்கி நிறுத்தினார். கெட்ட மனுஷர் இல்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவர், தண்ணீர் கொடுத்தவர். நல்ல மனுஷர்களோடு சண்டை போடுவது கஷ்டம், அதுதான் தொல்லை. பிடில் வேண்டாம், ப்ளூஸ் இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் இருக்கிறது, முதலில் இதை முடித்துக்கொள்கிறேன் என்றாள் ஓசெல்லா.

அவர் பொறுமையாக விளக்கினார். கம்பெனிக்கு இரண்டு விலைப்பட்டியல் புத்தகங்கள். ஒன்றில் கறுப்பர்களுக்கான கிராமபோன் பிளேட்டுகள், அதாவது ப்ளூஸும் சர்ச் பாட்டும். மற்றதில் மலைப்பக்கத்து வெள்ளைக்காரர் பிளேட்டுகள். பிடிலும் பாஞ்சோவும் பழைய கதைப் பாட்டுகளும் அதில்தான் வரும்.

"உங்க ஆளுங்க பிடில் பிளேட்டு வாங்க மாட்டாங்க, ஓசெல்லா."

"இதை நான் வாசிச்சாத்தான் எங்க ஆளுங்க சனிக்கிழமை ஆடுறாங்க. ஆடத் தெரிஞ்சவங்களுக்கு வாங்கத் தெரியாதா சார்?"

"ஆட்டம் வேற, வியாபாரம் வேற."

"எங்கிட்ட வில்லு ஒண்ணுதான் இருக்கு. அது எந்தப் புஸ்தகத்தையும் படிச்சதில்ல."

ஆமோஸ் இருமினான். போதும் என்று சொல்வதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். ஓசெல்லா பிடிலைச் சாக்குத் துணிமேல் வைத்துவிட்டு, ஆமோஸின் கிதாருக்கு இரண்டு ப்ளூஸ் பாடினாள். ஒன்று, புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போன பெண்ணின் பாட்டு. கல்யாணமான நாளிலிருந்து மில்லையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகாத புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு வாசித்தான். முந்தின நாள் பீன்ஸ் உரித்துக்கொண்டே கட்டின பாட்டு அது. லிண்டாவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு துக்கத்தைத் தான் கேட்டதே இல்லை என்றார்.

கிளம்பும்போது இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தாள். அந்த ஆட்டப் பாட்டு அவளே கட்டியது, பேர் 'பாலம் போச்சு', ஒரே ஒரு மெழுகுத் தட்டு போதும் என்றாள். மெழுகில் பதித்துக்கொண்டு போனால்தான் நியூயார்க்கில் பிளேட்டு அடிப்பார்கள். லிண்டாவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார்.

"துக்கம்னா எங்கிட்ட வாங்கிக்கிறான்," என்றாள் ஓசெல்லா, படி இறங்கும்போது. "சந்தோஷம்னா அது வெள்ளைக்காரனுதாம்."

ஆமோஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் எரிச்சல்தான். அந்தப் பாட்டு அவனுக்கும் சொந்தம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷத்து ஜூலையில், மழை விடாமல் பெய்து ஆறு கரை தாண்டியது. இரும்புப் பாலம் நடுவில் அறுந்து போனபோது ஓசெல்லா இக்கரையில் இருந்தாள், ஆமோஸ் அக்கரையில் மில்லில் இருந்தான். மில்லை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, உள்ளே இருந்தவர்களும் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. மூன்று நாள் அவள் கரையில் நின்று கத்திப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மனுஷக் குரல் எடுபடவில்லை. நாலாம் நாள் பிடிலை எடுத்துப் போய் மேல் தந்தியில் வாசித்தாள். அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டிப் போயிற்று. சற்று நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு வாசிக்கிறது?"

ஆமோஸின் குரல். அவள் அடிவயிற்றிலிருந்து தன் முழுப் பேரையும் கத்தினாள். பிடிலை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், வாயால் பேரைச் சொன்னால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்ப முடிந்தது என்று பிற்பாடு அவன் சொன்னான். அதற்கப்புறம் தினமும் காலையும் மாலையும் அவள் வாசித்தாள், அவன் கேட்டான், அவள் பேர் சொன்னாள். பதினோராம் நாள் படகு ஓடத் தொடங்கி அவன் இக்கரை வந்து சேர்ந்தபோது பாட்டும் முழுசாகிவிட்டது.

அதில் ஒரு விஷமம் உண்டு. மற்ற ஆட்டப் பாட்டுகள் எட்டு எண்ணினால் திரும்பும். இது ஒன்பதில் திரும்பும். பாலம் அறுந்த இடத்துக்காக ஓசெல்லா வைத்த ஓர் அடி அது. அந்த இடத்தில் கால் அந்தரத்தில் நிற்கும், குதித்துத் தாண்டினால்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவர் மேல் விழுவார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் குதிக்கும்போது பலகைத் தரை அதிரும்.

கடைசிச் சுற்றில், அந்த ஒன்பதாம் அடியில், வில்லைத் தூக்கி நிறுத்திவிட்டு அவள் கேட்பாள்: யாரு வாசிக்கிறது? ஆடுகிற கூட்டம் முழுக்க அவள் முழுப் பேரையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாட்டு முடியும். முடிந்தால்தான் யாரும் உட்காரலாம். ஒரு தரம் எல்லோரும் விளையாட்டாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இன்னும் அரைமணி ஆடவிட்டாள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டு யாரும் விளையாடியதில்லை.

வெள்ளைக்காரர் வீட்டில் வாசிக்கும்போது அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அங்கே அவள் வெறும் ஓசெல்லா. குடும்பப் பேரைச் சேர்த்துச் சொன்னால் மரியாதை கொடுத்ததாக ஆகிவிடும். ஒரு கறுப்புப் பெண்ணுக்கு அந்த மரியாதையை டாலிவரில் எந்த வெள்ளைக்காரரும் கொடுத்துக் கேள்விப்பட்டதில்லை. இருபது வருஷம் அவர்கள் கல்யாணங்களுக்கு வாசித்தவள், டார்ப்ளி என்ற சொல்லை அவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் கேட்டது கிடையாது.

ஆனால் கறுப்பர் வீடுகளில் அவள் வாசிக்கிற ஆட்டங்களுக்கு வெள்ளைக்காரர் வராமல் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். ஷூஃபோர்டு அண்ணன் தம்பிகள் கார்லண்டும் டெல்மரும், அவர்களுடைய பெரியப்பா மகன் எர்வினும், மீசை முளைக்கும் முன்பிருந்தே ஒரு சனிக்கிழமை தவறாமல் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். இப்போது பெரியவர்களாகி கிதார், பாஞ்சோ, பிடில் என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு 'ஷூஃபோர்டு சகோதரர்கள்' என்று பேரும் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் புதன்கிழமை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஓசெல்லா வாசலில் பெரிய இரும்புக் கொப்பரையில் துணி வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஆமோஸ் மில்லுக்குப் போயிருந்தான். கார்லண்ட் ஷூஃபோர்டு தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்குக் கொப்பரையில் கொதித்தது அவன் வீட்டுப் போர்வைகள்தான். அதற்காக வந்திருக்கிறான் என்று நினைத்து, இன்னும் வெளுத்து முடியவில்லை என்றாள்.

"அதுக்கில்ல, ஓசெல்லா. நீ கொஞ்சம் பிடிலோட வரணும். அந்த மாடிக்கு."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. இவர்களும் 'பாலம் போச்சு' வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதே பாட்டு முன்பக்கத்துப் படியில் ஏறி வந்ததும் லிண்டாவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாவற்றையும்விட அதைத்தான் பதிய வேண்டும் என்கிறார். ஆனால் எர்வின் கைக்கு ஒன்பதாம் அடி அடங்கவில்லை. ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் தடுமாறுகிறான். அதிலேயே நாலு மெழுகுத் தட்டுகள் வீணாகிவிட்டன.

ஓசெல்லா கொப்பரைக் கழியை விடாமல் கிளறினாள். "யாரு கட்டின பாட்டுன்னு அவர் கேட்டாரா, மிஸ்டர் கார்லண்ட்?"

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கார்லண்ட் கொப்பரைக்குள் பார்த்தான். "எங்க தாத்தா பாட்டுன்னு சொன்னேன்."

"தாத்தா தவறிப்போனது எந்த வருஷம்?"

"பதிமூணு."

"பாலம் போனது பதினாறுல. செத்து மூணு வருஷம் கழிச்சுப் பாட்டுக் கட்டியிருக்காரு. பெரிய மனுஷன்தான்."

கார்லண்டின் காது சிவந்தது. அவன் ஒன்றும் வம்புக்காரன் இல்லை, மற்றவர்களைப் போலத்தான் அவனும். ஒரு கறுப்புப் பெண் கட்டின பாட்டு என்று அந்த மாடியில் சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னான். ஐந்து மணி ரயிலுக்கு லிண்டாவர் கிளம்புகிறார். மெழுகுத் தட்டு இரண்டுதான் பாக்கி. எர்வினுக்கு வரவில்லையென்றால் அந்த ஓர் அடியை எடுத்துவிட்டு எட்டுக்கு எட்டாகவே வாசிக்கச் சொல்லிவிட்டார்.

கழி நின்றது. தன் பேர் போடாமல் தன் பாட்டு போவதைக்கூட அவளால் திட்டித் தீர்க்க முடியும். குதிக்கிற இடம் இல்லாமல் அது பிளேட்டாகி ஊர் ஊராகப் போய், அதுதான் பாட்டு என்று ஆகிவிட்டால்? பதினோரு நாள் அந்தக் கரையில் நின்றதற்கு என்ன அர்த்தம்? கொப்பரைக்கு அடியிலிருந்த விறகை இழுத்து அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாக்குத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

தொப்பிக்கடைக்கு வந்ததும் வழக்கம்போலப் பின்படியில் ஏறினாள். பேசிக்கொண்டே வந்த கார்லண்டும் அவள் பின்னாலேயே பின்படியில் ஏறினான். பாதி ஏறினபிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

லிண்டாவர் அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். நேற்று வேண்டாம் என்றவர், இன்று அவளுக்காக மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஓசெல்லா உட்காரவில்லை.

"வாசிக்கிறேன் சார். கூலி வேணாம். பிளேட்டுல என் பேரப் போடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். அது நடக்காது. மலைக்காரர் புத்தகத்தில் கறுப்புப் பேர் வந்தால் கடைக்காரர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்புவார்கள். அவளுக்கும் பிளேட்டு வருகிறதே, நேற்றுப் பாடிய ப்ளூஸில் அவள் பேர் பெரிதாக இருக்குமே என்றார். இது ஷூஃபோர்டு சகோதரர்கள் பேரில்தான் வரும். இஷ்டம் இல்லையென்றால் எர்வின் எட்டுக்கு எட்டாக வாசிக்கட்டும், நேரமாகிறது.

ஷூஃபோர்டுகளையும் இரண்டு ப்ளூஸ் பாடச் சொல்லியிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டும் ஆமோஸிடமிருந்து கேட்டுக் கற்றவை. அவர்கள் ப்ளூஸ் பாடலாம், இவள் பிடில் வாசிக்கக் கூடாது. நியூயார்க்கில் இதற்கு என்ன நியாயம் சொல்வார்களோ தெரியாது. டாலிவரில் நியாயம் யாரும் சொல்லவில்லை.

எர்வின் மூலையில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான். "நீ வாசிக்கலேன்னா நான்தான் அதக் கெடுக்கணும், ஓசெல்லா," என்றான். "எனக்கு அது வேணாம்."

அவள் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு மெழுகுத் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு பிடிலைச் சுருதி கூட்டினாள். அதுதான் அவள் சம்மதம்.

விதிகளைச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆரம்பிக்க வேண்டும். பேசக் கூடாது. காலைத் தரையில் தட்டக் கூடாது. தட்டினால் முள் துள்ளிவிடும் என்று லிண்டாவரோடு வந்த மெஷின்காரர் அவள் காலடியில் ஒரு தலையணையை வைத்தார். எர்வின் பிடிலை மடியில் படுக்கவைத்துக்கொண்டான். விளக்கு எரிந்தது. முதல் சுற்றிலேயே ஒன்பதாம் அடியில் அவள் கால் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் ஓங்கி விழுந்தது. தலையணை நழுவியது. மெஷின்காரர் தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இனி ஒன்றுதான் என்று விரலைக் காட்டினார்.

ஓசெல்லா செருப்பைக் கழற்றினாள். தலையணைமேல் வெறும் காலை வைத்துக் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். மறுபடி சிவப்பு விளக்கு.

இந்தத் தரம் பிடில் பேசியது. கிதாரும் பாஞ்சோவும் அவளை விட்டு ஓர் இம்மி விலகவில்லை. விலக அவர்களுக்குத் தெரியாது, வேலியோரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டதே அந்த வில்லின் போக்கைத்தான். முதல் சுற்றில் தண்ணீர் ஏறியது. இரண்டாவதில் பாலம் அறுந்தது, அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த இடத்தை அவளோடு ஒன்றாகத் தாண்டினார்கள். ஓசெல்லாவுக்கு அந்த மாடி மறந்துபோயிற்று. போர்வை தொங்கின சுவர் மறந்துபோயிற்று. கரையும் மூடுபனியும்தான் இருந்தன. கடைசிச் சுற்று வந்தது. ஒன்பதாம் அடியில் வில் தானாக மேலே நின்றது, வாய் தானாகத் திறந்தது.

"யாரு வாசிக்கிறது?"

"ஓசெல்லா டார்ப்ளி!"

மூன்று பேரும் சொன்னார்கள். முழுப் பேர். ஒரே குரல். கார்லண்ட் சொன்னான், டெல்மர் பாஞ்சோவோடு நாற்காலியிலிருந்து ஒரு குதி குதித்துக்கொண்டே சொன்னான், வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்த எர்வின் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அந்த அடி முடிந்ததும் வில் இறங்கியது. பாட்டு தன் கடைசி வரியைப் போய்த் தொட்டு நின்றது. விளக்கு அணைந்தது.

லிண்டாவர் பென்சிலைத் தரையில் எறிந்தார். "என்னய்யா இது?"

கார்லண்டுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. தன் வாயைத் தானே கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அவங்க கேட்டா சொல்லணும் சார்," என்றான்.

"சொல்லலேன்னா பாட்டு முடியாது," என்றான் எர்வின். மழைக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

லிண்டாவர் கார்லண்டையே பார்த்தார். "இது உன் தாத்தா பாட்டுன்னு சொன்னே."

கார்லண்ட் தொப்பியைத் தேடினான். அது கைக்கு அகப்படவில்லை. "தாத்தா இல்ல சார். இவங்கதான்."

வேண்டுமென்றே செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. செத்துப்போன தன் அம்மாமேல் சத்தியம் செய்து வாய் தானாகத் திறந்தது என்றாள் அவள். நான் அதை நம்புகிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் மூன்று வெள்ளைக்காரர்கள் பதில் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அப்படி எதிர்பார்க்கிற அளவுக்கு டாலிவர் அவளை முட்டாளாக வளர்க்கவில்லை. பதில் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்த மெஷின்காரர்கூட, அந்தம்மாவுக்குத்தான் எல்லோரையும்விட ஆச்சரியம் என்று பிற்பாடு சொன்னார்.

மெழுகை அழித்து எழுத முடியாது. வேறு தட்டும் இல்லை, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. லிண்டாவர் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பெட்டியில் வைத்தார். நியூயார்க்கில் தூக்கிப் போட்டாலும் போடுவார்கள் என்றார். கீழே தெருவுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்று. போர்வைகள் சனிக்கிழமைக்குள் கிடைக்குமா, ஓசெல்லா, என்று கேட்டான் கார்லண்ட். கிடைக்கும் மிஸ்டர் கார்லண்ட் என்றாள் அவள். ஆனால் வீடு வரை அவள் நடந்த நடை வேறு மாதிரி இருந்தது. எதிரே வந்தவர்கள் வழிவிட்டு நின்று, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

சாயந்திரம் சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்து ஆமோஸிடம் சொன்னாள். அவன் மென்றுகொண்டே கேட்டான்.

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"முழுப் பேரையுமா, பிள்ள?"

"முழுப் பேரையும்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பீன்ஸ் கேட்டான்.

அப்புறம் மாதங்கள் போயின. ஆகஸ்டில் ஒன்றும் வரவில்லை, செப்டம்பரிலும் இல்லை. ஓசெல்லா யாரையும் கேட்கவில்லை. தூக்கித்தான் போட்டிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள், ஆனால் மனது தேறவில்லை. அக்டோபரில் அவளுடைய ப்ளூஸ் பிளேட்டு வந்தது, பேர் பெரிதாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வாங்கினார்கள். புருஷன் ஓடிப்போன பாட்டைக் கேட்டுவிட்டு ஆமோஸை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவளுக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் காது வேறொன்றுக்குக் காத்திருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மளிகைக்கடைக்காரர் கிராமபோனின் குழாயை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். உள்ளே வெள்ளைக்காரர்கள், வெளியே தெருவில் கறுப்பர்கள். மாவு வாங்க வந்த ஓசெல்லாவும் ஆமோஸும் கூட்டத்தோடு நின்றார்கள். நம்ம ஊர்ப் பையன்கள் பிளேட்டு வந்திருக்கிறது என்று கடைக்காரர் உரக்கப் படித்தார்: "ஷூஃபோர்டு சகோதரர்கள். பாலம் போச்சு."

முள்ளை வைத்தார். கரகரவென்று ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து பிடில் எழும்பியது.

முதல் வில்லிலேயே தெருவில் பேச்சு நின்றது. எல்லோருக்கும் தெரிந்த கை அது. ஓசெல்லா மாவு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்பதாம் அடிக்காகக் காத்தாள். அது வந்தது. அவள் வைத்த இடத்திலேயே, கொஞ்சமும் குறையாமல் வந்தது. தெருவில் நின்றவர்கள் குதித்தார்கள். கடைக்குள் மரத்தரையிலும் சில காலணிகள் தடால் என்று விழுந்தன. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கை இல்லை, மூட்டை இருந்தது.

கடைசிச் சுற்று. வில் நின்றது. குழாய்க்குள்ளிருந்து அவள் குரலே கேட்டது.

"யாரு வாசிக்கிறது?"

பிளேட்டில் இருந்த மூன்று குரல்கள் வாயைத் திறப்பதற்குள் தெரு பதில் சொல்லிவிட்டது. அதிலும் முதல் குரல் ஆமோஸுடையது. பன்னிரண்டு வருஷமாக யாரையும் சத்தமாகக் கூப்பிடாதவன், நடுவில் ஓர் ஆறு ஓடுவது போலத் தலையை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து பெண்டாட்டியின் முழுப் பேரையும் கத்தினான். அது முடிவதற்குள் கார்லண்டும் டெல்மரும் எர்வினும் குழாயிலிருந்து அதையே சொன்னார்கள்.

கடைக்காரர் பிளேட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "யாரோ ஓசெல்லா டார்ப்ளியாமே," என்றார் உள்ளே நின்றவர்களிடம், டார்ப்ளி என்பது தன் சட்டையை வாரா வாரம் வெளுக்கிறவளின் குடும்பப் பேர் என்று தெரியாமல். "இதுல அப்படி ஒரு பேரே போடலையே."

ஓசெல்லா மூட்டையோடு படியேறி, முன்வாசலில் நின்றாள்.

"நான்தான் சார்," என்றாள். "இன்னொரு தரம் வைங்க."

அவர் வைத்தார். ஆமோஸ் கேட்கிற காதைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.